சென்னை நனைந்தால் விஜயபுரத்துக் கணக்கு நனையுமா?

விஜயபுரத்திலிருந்து வாடிக்கையாளர் ஒருவர் சென்ற மழைக்காலத்தில் நம்மிடம் எழுப்பிய வினாவிலிருந்து இப்பாடத்தைத் தொடங்குகிறோம். நகரிப் பக்கத்தில் விசைத்தறிகள் சில வைத்து நடத்துபவர் அவர். சனிக்கிழமை மாலை தறிக்காரர்களுக்குக் கூலி தருவது அவர் வழக்கம். முன்பு பணமாகக் கொடுத்தார். இப்போது பெரும்பகுதியும் கைப்பேசி வழியே அனுப்புகிறார். "சென்னையில் புயலடித்து உங்கள் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் வெயில் காய்ந்தாலும் கூலி நின்றுவிடுமா? அதைவிட, கணக்கில் இருக்கிற பணம் என்ன ஆகும்?" என்று கேட்டார்.

இவ்வினாவுக்கு 'கவலைப்படாதீர்கள்' என்று ஒரு சொல்லில் விடையிறுப்பது எளிது. ஆனால் அவர் கேட்டது ஆறுதல் அன்று, விளக்கம். ஆகவே சற்று விரிவாகவே சொல்ல முற்படுகிறோம்.

கிளைதோறும் பேரேடு இருந்த காலத்தில், கிளைக்குள் வெள்ளம் புகுந்தால் அக்கிளையின் கணக்குகளே நனைந்தன. அடுத்த ஊர்க் கிளைக்கு ஒன்றும் நேராது. மையக் கணக்கு முறை வந்தபின் கிளை என்பது ஒரு சாளரம் மட்டுமே. பேரேடு எங்கோ தொலைவிலுள்ள தரவு மையத்தில் இருக்கிறது. இதன் நன்மையை நம் வட்டாரத்து மக்கள் கண்ணால் கண்டார்கள். 2021 நவம்பர் 18 அன்று பெய்த பெருமழையில் திருப்பதி நகரத் தெருக்கள் ஆறாயின. திருமலைக்குச் செல்லும் மலைப்பாதைகள் இரண்டும் மூடப்பட்டன. சில நாட்களில் ராயலசெருவு ஏரியின் கரை கசியத் தொடங்கியபோது சுற்றியுள்ள ஊர்மக்களை அப்புறப்படுத்த நேர்ந்தது. அத்தகைய நாளில் ஒரு கிளையின் கதவு திறக்காமற்போனாலும், அக்கிளையின் வாடிக்கையாளர் வேறோர் ஊரில் நின்று தம் பணத்தை எடுக்க இயலும். பேரேடு அங்கே நனையவில்லை அல்லவா?

ஆனால் நம் விஜயபுரத்து அன்பர் கேட்டது இதன் மறுபக்கத்தை. பேரேடு இருக்கும் இடமே நனைந்தால்?

2015 டிசம்பர் முதல் நாள் சென்னையில் நேர்ந்ததை நினைவுகூர்வோம். விமான நிலையத்தில் நீர் புகுந்து சில நாட்கள் மூடிக் கிடந்தது. மின்சாரமும் தொலைபேசியும் பல பகுதிகளில் அறுந்தன. 1878 முதல் வெளிவரும் 'தி இந்து' நாளிதழின் சென்னைப் பதிப்பு டிசம்பர் 2 அன்று அச்சாகவில்லை. காரணம் என்ன? மறைமலை நகரிலுள்ள அச்சகத்துக்குப் பணியாளர்கள் போய்ச்சேர முடியவில்லை. அச்சிடும் ஆட்கள் இல்லாமற்போனால் அச்சு இயந்திரம் இருந்தும் பயனில்லை. பேரிடரை எண்ணித் திட்டமிடும்போது இயந்திரத்தை மட்டும் எண்ணுவோர் பலர். அதை இயக்கும் மனிதர் இடுப்பளவு நீரில் நின்றுகொண்டிருப்பார் என்பதை எண்ணுவோர் சிலரே. ஆகையால் மாற்று இடம் என்பது மாற்று இயந்திரமும் மாற்று ஆட்களும் சேர்ந்ததாக இருத்தல் வேண்டும்.

பழங்கல்படி

இது புதிய சிந்தனை என்று எண்ண வேண்டா. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் 'கல்லிலும் செம்பிலும்' வெட்டிக்கொள்ளுமாறு ஆணை வருவதைக் காண்கிறோம். ஓலையில் எழுதியதை வரிப்பொத்தகத்தில் ஏற்றி, பிறகு கோயிற் சுவரிலும் செப்பேட்டிலும் பொறித்தார்கள். சுவர் இடிந்தால் செப்பேடு. செப்பேடு காணாமற்போனால் சுவர். கோயிலைப் பிரித்துக் கட்டும்போது பழைய சுவரிலிருந்த சாசனங்களைப் படியெடுத்துப் புதிய சுவரில் மீண்டும் வெட்டி, 'இது பழங்கல்படி' என்று குறித்தும் வைத்தார்கள். திருமலைக் கோயிலிலும் 13ஆம் நூற்றாண்டுத் திருப்பணியின்போது இவ்வாறு பழைய கல்வெட்டுகள் படியெடுத்து வெட்டப்பட்டன. நிலக்கொடையின் உரிமை அச்சுவரில் இருந்தது; சுவர் போனால் உரிமை போகும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

இன்றைய படியெடுப்பு எவ்வாறு நடக்கிறது என்பதற்கு முன், 'மெய்நிகர் கணினி' என்னும் சொல்லை விளக்கிவிடுவோம். ஒரு பெரிய கணினியை மென்பொருளால் பல அறைகளாகத் தடுத்து, ஒவ்வோர் அறையையும் தனிக் கணினிபோல் இயங்கச் செய்கிறார்கள். அவ்வறைதான் மெய்நிகர் கணினி. அதன் இயங்குதளம், மென்பொருள், கணக்கு விவரம் யாவும் இறுதியில் வட்டிலுள்ள கோப்புகளே. கோப்பாக இருப்பதனால்தான் அதைப் படியெடுக்க முடிகிறது. இரும்புப் பெட்டியைச் சென்னையிலிருந்து புணேவுக்கு லாரியில் ஏற்ற வேண்டும். மெய்நிகர் கணினியைக் கம்பிவடத்தில் அனுப்பலாம். இத்தகைய கணினிகளை வாடகைக்கு விடுவதே கிளவுட் சேவை. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2015இல் புணே, மும்பை, சென்னை ஆகிய மூன்றிடங்களில் தன் அஸ்யூர் மையங்களைத் திறந்தது. அமேசான் 2016இல் மும்பையிலும், 2022இல் ஹைதராபாத்திலும் தொடங்கியது. ஒரு நாட்டுக்குள்ளேயே தொலைவிலுள்ள இரண்டு இடங்கள் கிடைத்தது வங்கித் துறைக்கு முக்கியமானது. பணப்பரிமாற்ற விவரங்களை இந்தியாவுக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் ஆணையிட்டிருக்கிறது; படியைச் சிங்கப்பூரில் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்க இயலாது.

படியெடுக்கும் வழி

காப்புப்பிரதி வேறு, இடைவிடாப் படியெடுப்பு வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதே பெரும்பாலான இழப்புகளுக்கு வேர். இரவு கடையடைத்தபின் அன்றைய கணக்கை ஒரு நோட்டில் எழுதி வீட்டுக்கு எடுத்துச் செல்வது காப்புப்பிரதி. கடையில் ஒவ்வொரு வரி எழுதும்போதும் அதே வரியை வேறோர் ஊரில் இன்னொருவர் எழுதிக்கொண்டே வருவது படியெடுப்பு. முன்னதில் ஒரு நாள் கணக்கு போகலாம். பின்னதில் சில வரிகளே போகும்.

கிளவுடில் இது நடக்கும் முறை இது. மூல மெய்நிகர் கணினிக்குள் ஒரு சிறு மென்பொருளை நிறுவுகிறார்கள். வட்டில் எழுதப்படும் ஒவ்வொரு மாற்றத்தையும் அது கண்டு, அருகிலுள்ள தற்காலிகச் சேமிப்பிடத்துக்கு அனுப்புகிறது. அங்கிருந்து அம்மாற்றங்கள் தொலைவிலுள்ள மையத்துக்குச் சென்று, அங்கு வைத்திருக்கும் வட்டுப்படிகளில் ஏறுகின்றன. தொலைவிடத்தில் வட்டு மட்டுமே இருக்கிறது, கணினி ஓடுவதில்லை. பேரிடர் அறிவிக்கப்பட்ட பின்னரே அவ்வட்டிலிருந்து கணினி உயிர்பெறுகிறது. ஆகவே செலவு குறைகிறது. ஆனால் ஒரு கண்ணி இதில் உண்டு: ஒரு நகரமே நீரில் மூழ்கும் நாளில் அந்நகரத்து நிறுவனங்கள் எல்லாம் ஒரே மாற்று மையத்தில் ஒரே நேரத்தில் கணினி கேட்டு நிற்கும். இடத்தை முன்பதிவு செய்து வைக்காதவர் வரிசையில் நிற்க நேரலாம். திருமணத்துக்கு மண்டபம் பிடிப்பது போன்றதுதான். முகூர்த்த நாளன்று போய்க் கேட்டால் கிடைக்காது.

தொலைவு இங்கே ஒரு பேரம். சென்னைக்கும் புணேவுக்கும் நேர்க்கோட்டில் 900 கி.மீ.க்கு மேல். கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு மில்லிநொடியில் ஏறத்தாழ 200 கி.மீ. செல்லும். கம்பிவடத்தின் நீளம் 1,200 கி.மீ. என்று கொண்டால், செய்தி போக 6 மில்லிநொடி, 'எழுதிவிட்டேன்' என்ற விடை திரும்ப 6 மில்லிநொடி, ஆக 12. மனிதனுக்கு இது கண்ணிமைக்கும் பொழுதிலும் சிறிது. ஆனால் நொடிக்கு ஆயிரக்கணக்கான பரிமாற்றங்களை எழுதும் கணினி, ஒவ்வொன்றுக்கும் 12 மில்லிநொடி காத்துக்கிடந்தால் வரிசை நீண்டுவிடும். ஆகவே தொலைவிடத்துக்கு அனுப்பும் படியை மூலக்கணினி காத்திராமல் அனுப்புகிறது. சற்றுப் பின்தங்கியே அது வந்துசேரும். இந்தப் பின்தங்கலை ஈடுசெய்ய, வங்கிகளும் பங்குச் சந்தைகளும் அருகிலேயே மூன்றாவதோர் இடத்தையும் வைத்துக்கொள்வதுண்டு. அங்கே இரு புறமும் எழுதி முடித்த பின்னரே பரிமாற்றம் முற்றுப்பெறும். அருகிடம் ஒரு வரியையும் இழக்காது. ஆனால் அதே புயலில் அதுவும் நனையக்கூடும். தொலைவிடம் நனையாது, ஆனால் சில வரிகள் குறையலாம். இரண்டும் வேண்டும் என்பதன் பொருள் இதுதான்.

இங்கே இரண்டு அளவுகளைத் தெரிந்துகொள்வது நல்லது. எவ்வளவு நேரத்துக் கணக்கை இழக்கத் துணிகிறோம் என்பது ஒன்று. எவ்வளவு நேரத்தில் மீண்டும் கடை திறக்கிறோம் என்பது மற்றொன்று. சனிக்கிழமைக் கூலிக்கு இரண்டாவது அளவு முதன்மையானது. ஒரு மணி நேரம் தாமதமானாலும் இரவுக்குள் கூலி சேர்ந்தால் போதும். ஆனால் கூலி அனுப்பிய பின் அந்தப் பதிவு மறைந்தால்? அங்கே முதல் அளவுதான் உயிர்.

அந்த இடத்தில் நுட்பமான ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வங்கிப் பணி ஒரே கணினியில் நடப்பதன்று. பேரேட்டுக்கு ஒன்று, பரிமாற்றம் அனுப்ப ஒன்று, கைப்பேசிச் செயலிக்கு ஒன்று என்று பல. பேரேட்டின் படி 10 மணி 5 நிமிடத்தையும், பரிமாற்றக் கணினியின் படி 10 மணியையும் காட்டினால் என்னாகும்? பேரேட்டில் பணம் கழிந்திருக்கும். அனுப்பியதற்கான சுவடு இராது. ஆகவே தொடர்புடைய கணினிகளையெல்லாம் ஒரு குழுவாகக் கட்டி, எல்லாவற்றிலும் ஒரே கணத்துக்குரிய படி கிடைக்குமாறு செய்கிறார்கள். சில சேவைகள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இத்தகைய மீட்புப் புள்ளியைக் குறித்து வைக்கின்றன. அப்புள்ளியிலும் இரு வகை உண்டு. மின்கம்பியைப் பிடுங்கினால் அந்தக் கணத்தில் வட்டில் என்ன இருக்குமோ அது ஒரு வகை; நினைவகத்தில் பாதி எழுதி நின்றவை அதில் இரா. மென்பொருளை ஒரு கணம் நிறுத்தி, கையிலிருப்பதை எழுதி முடிக்கச் சொல்லிவிட்டு எடுப்பது மற்றொரு வகை. கணக்கு வைப்பவருக்கு இரண்டாவதே ஏற்றது. ஆனால் அடிக்கடி எடுத்தால் மூலக்கணினி தளரும். உயிர்ப்பிக்கும்போதும் முறை உண்டு: முதலில் பேரேடு, பிறகு பரிமாற்றம், இறுதியில் கைப்பேசிச் செயலி. மாறிச் செய்தால் கதவு திறந்திருக்கும், உள்ளே காசாளர் இருக்க மாட்டார்.

பிழையும் படியெடுக்கப்படும்

இவ்வளவும் செய்த பின்னும் ஒரு பகையை இம்முறை தடுக்காது. மூலத்தில் ஒருவர் தவறுதலாக அழித்தால், அழிப்பும் உடனே படியெடுக்கப்படும். பணயத் தீநிரல் புகுந்து கோப்புகளைப் பூட்டினால், பூட்டப்பட்ட கோப்புகளே மறுபுறமும் போய்ச்சேரும். வேகமான படியெடுப்பு வேகமான கேட்டையும் தரும். 2024 ஜூலை இறுதியில் வங்கிகளுக்குத் தொழில்நுட்பச் சேவை தரும் நிறுவனமொன்றைப் பணயத் தீநிரல் தாக்கியபோது, தேசியப் பணப்பரிமாற்றக் கழகம் அந்நிறுவனத்தின் இணைப்பைத் துண்டித்து வைத்தது. ஏறத்தாழ 300 சிறு வங்கிகளின் வாடிக்கையாளர்கள் அதனால் தடைப்பட்டதாகச் செய்திகள் கூறின. இத்தகைய நேரத்தில் உதவுவது பழைய மீட்புப் புள்ளியும், ஒருவராலும் மாற்றவோ அழிக்கவோ இயலாதவாறு தனியே பூட்டி வைத்த காப்புப்பிரதியுமே. வீட்டுக்கு எடுத்துச் சென்ற அந்த இரவு நோட்டு இங்கே மீண்டும் மதிப்புப் பெறுகிறது.

ஒத்திகை

மாற்று இடம் இருப்பது ஒன்று. அது இயங்கும் என்று அறிவது வேறு. 2021 பிப்ரவரி 24 அன்று தேசியப் பங்குச் சந்தையில் தொலைத்தொடர்பு இணைப்புகளில் தொடங்கிய கோளாற்றால் காலை 11.40க்கு வணிகம் நின்றது. மீண்டும் தொடங்கியது பிற்பகல் 3.45க்கு. மாற்று மையம் இருந்தும் ஏன் அதற்கு மாறவில்லை என்ற கேள்வி எழுந்தது. அதற்கடுத்த மாதம் செபி ஒரு நெறியை வகுத்தது: கோளாறு நேர்ந்த 30 நிமிடத்துக்குள் அதைப் பேரிடர் என்று அறிவிக்க வேண்டும், அறிவித்ததிலிருந்து 45 நிமிடத்துக்குள் மாற்று மையத்துக்கு மாற வேண்டும். நமக்கு இதில் முதற்பகுதியே மிக முக்கியமாகப் படுகிறது. 'இன்னும் பத்து நிமிடத்தில் சரியாகிவிடும்' என்ற நம்பிக்கைதான் மணிக்கணக்கை விழுங்குவது. எப்போது கைவிடுவது என்பதை மழை வருமுன்னரே எழுதி வைத்திருந்தால், மழையில் நின்று வாதாட வேண்டியதில்லை.

2024 மார்ச் 2 சனிக்கிழமை. பங்குச் சந்தைக்கு விடுமுறை நாள். அன்று தேசியப் பங்குச் சந்தை காலை 9.15 முதல் 10 மணி வரை முதன்மை மையத்திலிருந்தும், 11.30 முதல் 12.30 வரை மாற்று மையத்திலிருந்தும் உண்மையான வணிகத்தையே நடத்திக் காட்டியது. மாதிரி வணிகம் அன்று; மெய்யான பணம். வங்கிகளுக்கும் இத்தகைய கடப்பாடு உண்டு. ரிசர்வ் வங்கி 2023 நவம்பர் 7 அன்று வெளியிட்டு, 2024 ஏப்ரல் முதல் நடைமுறைப்படுத்திய தகவல் தொழில்நுட்ப நெறிமுறையின்படி, முக்கிய அமைப்புகளுக்கு அரையாண்டுக்கு ஒருமுறையேனும் ஒத்திகை நடத்த வேண்டும். அவ்வொத்திகையில் மாற்று மையத்தையே முதன்மையாகக் கொண்டு, நாள் தொடக்கம் முதல் நாள் முடிவு வரை, ஒரு முழு வேலைநாளாவது பணியாற்ற வேண்டும். காப்புப்பிரதிகளை அவ்வப்போது மீட்டெடுத்துப் பார்க்கவும் வேண்டும். 'ஞாயிறு அதிகாலை சேவை இராது' என்று வங்கிகளிடமிருந்து உங்களுக்கு வரும் குறுஞ்செய்திகளுள் சில இத்தகைய இடமாற்றத்தைப் பற்றியவையே. எரிச்சல் தரும் செய்திதான். நாமும் வாடிக்கையாளராக நின்று எரிச்சற்பட்டதுண்டு.

மாறிய பின் திரும்புவது தனிப் பணி. மாற்று மையத்தில் கணினி ஓடத் தொடங்கிய கணமே அதற்குப் படி இல்லாத நிலை ஏற்படுகிறது. ஆகவே படியெடுப்பின் திசையைத் திருப்பி, பழைய இடத்தை நகலாக்கி, இரண்டும் ஒத்துவந்த பின்னரே வீடு திரும்ப வேண்டும்.

உங்கள் தொழிலுக்கும் இது பொருந்தும்

நம் வாடிக்கையாளர்களில் பலர் இன்று தம் கணக்கு மென்பொருளைக் கிளவுடில் வைத்திருக்கிறார்கள். மாம்பழக் கூழ் ஆலையோ, நெசவுக் கடையோ, 'கிளவுடில் இருக்கிறது, பயமில்லை' என்று சொல்வதைக் கேட்கிறோம். கிளவுட் என்பது வானத்தில் இல்லை. எங்கோ ஒரு கட்டடத்தில் இருக்கிறது. 2021 மார்ச் 10 நள்ளிரவுக்குப் பின் பிரான்சின் ஸ்திராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையமொன்று எரிந்தது. ஐந்து மாடிக் கட்டடம் முழுவதும் போயிற்று. காப்புப்பிரதியையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் சிலர் எல்லாவற்றையும் இழந்தார்கள். 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜான் நகரில் அரசுத் தரவு மையத்தில் மின்கலத் தீ மூண்டு, 600க்கு மேற்பட்ட அரசு அமைப்புகள் நின்றன. அரசு அலுவலர்கள் கோப்புகளைச் சேமித்த 858 டெராபைட் தொகுப்பு அழிந்தே போனது. அளவு மிகப் பெரிது என்பதால் அதற்கு வெளியிடத்துப் படி எடுக்கவில்லையாம். தொழில்நுட்பத்தில் முன்னணியில் நிற்கும் நாட்டில் நேர்ந்தது இது.

ஆகவே உங்களுக்கு மென்பொருள் தருபவரிடம் சில கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். என் விவரம் எந்த நகரில் இருக்கிறது? அதன் படி வேறு நகரில் இருக்கிறதா, அல்லது அதே கட்டடத்தின் அடுத்த மாடியிலா? படியிலிருந்து கடைசியாக எப்போது இயக்கிப் பார்த்தீர்கள்? நான் கொடுக்கும் மாத வாடகையில் இது அடங்குமா? கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் 'இல்லை' என்றே விடை வரும். படியெடுப்பு தனிக்கட்டணச் சேவை. கேட்டு வாங்காதவருக்கு அது தானாக வருவதில்லை. தொலைவிடப் படிக்குச் செலவு செய்ய இயலாத சிறு தொழிலர், வாரம் ஒருமுறை கணக்குக் கோப்பை ஒரு வெளி வட்டில் எடுத்து, கடையில் அன்றி வீட்டில், தரைக்கு மேலே வைத்தால் அதுவும் பாதுகாப்பே. எடுத்த கோப்பை வேறொரு கணினியில் திறந்தும் பாருங்கள். திறக்காத கோப்புகளைப் பல ஆண்டுகள் பத்திரமாக வைத்திருந்தவர்கள் உண்டு.

இனி விஜயபுரத்து அன்பருக்கு நேர்விடை. கணக்கிலுள்ள பணம் சென்னையின் மழையால் கரையாது. அதன் பதிவு ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்களில் இருக்கிறது. கூலி அனுப்புவது சில நிமிடங்களோ, அரிதாகச் சில மணி நேரமோ தடைப்படலாம். அப்போது அனுப்பிய தொகை உங்கள் கணக்கில் கழிந்து, தறிக்காரர் கணக்கில் சேராமல் நின்றால், உடனே மறுபடியும் அனுப்பிவிடாதீர்கள். முதலில் கணக்குவிவரத்தைப் பாருங்கள்; இரட்டைக் கூலி பெரும்பாலும் அந்த அவசரத்திலேதான் போகிறது. ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் 20 ஆணைப்படி, யுபிஐ வழி ஒருவர் மற்றொருவருக்கு அனுப்பிய பணம் இவ்வாறு சிக்கினால், மறுநாளுக்குள் அது தானாகவே திரும்ப வேண்டும். ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் கழிந்தாலும், கடையில் யுபிஐ வழி செலுத்தியது சேராமற்போனாலும், ஐந்து நாட்களுக்குள். அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்கு உரியது. அதை நீங்கள் கேட்டுப் பெற வேண்டும் என்பதில்லை, வங்கி தானே வரவு வைக்க வேண்டும். வைக்கவில்லையெனில், பரிமாற்ற எண்ணுடன் கிளைக்கு வாருங்கள்.